குர்ஆனும் ஒரு முஸ்லிமின் அன்றாடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முஸ்லிம் அல்லாத நண்பர்கள் ஆர்வத்தில் கேட்பவையும், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கத் தயங்குபவையும் இங்கே கலந்து இருக்கின்றன. நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, இதில் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) எதையும் தேட வேண்டாம். தினமும் ஓதுகிற, ஓதியதோடு மல்லுக்கட்டுகிற ஒரு ஆளின் பதில்கள் இவை. மத்ஹபுகளுக்குள், அதாவது மார்க்கச் சட்ட மரபுகளுக்குள், கருத்து வேறுபாடு இருக்கும் இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சாதாரண முஸ்லிமின் நாளில் குர்ஆன் எங்கெல்லாம் வருகிறது?

முதலில் தொழுகையில். அதிகாலை சுபுஹு 2, மதியம் லுஹர் 4, மாலை அஸர் 4, சூரியன் மறைந்ததும் மஃரிப் 3, இரவு இஷா 4 என்று கடமையான ரக்அத்கள் (நின்று, குனிந்து, சிரம் பணியும் ஒரு சுற்று) மொத்தம் 17. ரக்அத்துக்கு ஒரு ஃபாத்திஹா, குர்ஆனின் முதல் சூரா (அத்தியாயம்). 7 வசனங்கள்தான், நிதானமாக ஓதினால்கூட ஒரு நிமிடம் ஆகாது, ஆனால் கடமைக்கு மேல் தொழும் சுன்னத் தொழுகைகளையும் சேர்த்தால் ஒரே நாளில் முப்பது தடவைக்கு மேல் நாக்கில் ஓடிவிடும். தொழுகை நடத்தும் இமாமுக்குப் பின்னால் நிற்கும்போது ஷாஃபி மத்ஹபினர் தாங்களும் ஃபாத்திஹா ஓதுவார்கள், ஹனஃபி மத்ஹபினர் பேசாமல் நிற்பார்கள். பயணத்தில் இருப்பவர் 4 ரக்அத்தை 2 ஆகச் சுருக்கிக்கொள்ளலாம். ஆக, அன்றைக்குக் குர்ஆனைக் கையில் எடுக்கவே இல்லை என்று வருத்தப்படுகிறவரின் வாயிலும் குர்ஆன் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

அப்புறம் சின்னச் சின்ன இடங்கள். தொழுது முடித்ததும் ஆயத்துல் குர்ஸி என்ற வசனம் (2:255, அதாவது 2-ஆவது சூராவின் 255-ஆவது வசனம்). படுக்கும்போது கடைசி மூன்று சூராக்களை ஓதி இரண்டு உள்ளங்கையிலும் ஊதி உடம்பில் தடவிக்கொள்வது, நபி (ஸல்) அவர்கள் செய்ததாக ஹதீஸில் (நபியின் சொல், செயல் பற்றிய பதிவுகளில்) வரும் பழக்கம். ‘நாளைக்கு வருகிறேன்’ என்று சொல்லும்போது கூடவே ‘இன்ஷா அல்லாஹ்’ ஒட்டிக்கொண்டு வருவது 18-ஆவது சூராவின் 23, 24 வசனங்களால். மௌத்துச் (மரணச்) செய்தி கேட்டதும் யோசிக்காமலே வருகிற ‘இன்னா லில்லாஹி’ (நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள்) 2:156. இதெல்லாம் குர்ஆன் வசனம் என்பதே சொல்கிறவருக்குச் சில நேரம் நினைவிருக்காது. அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கும்.

அர்த்தம் தெரியாமல் அரபியில் ஓதி என்ன பயன்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். சிலர் கிண்டலாகவும் கேட்பார்கள்.

தொழுகையில் அரபியில்தான் ஓத வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. வெளியே ஓதும்போதும் அந்த ஓசைக்கே நன்மை உண்டு என்பது நம்பிக்கை: ஒரு எழுத்துக்குப் பத்து நன்மை என்று ஹதீஸ் இருக்கிறது. திக்கித் திணறி ஓதுகிறவருக்கு இரட்டைக் கூலி என்ற ஹதீஸும் இருக்கிறது, புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்புகள் இரண்டிலும். வயதான காலத்தில் எழுத்துக் கூட்டி ஓதக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த ஒரு ஹதீஸ் எவ்வளவு தெம்பு கொடுக்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி யாசீன் சூராவை மனப்பாடமாக ஓதிவிட்டு எழுந்து போகிற அமைதியைப் பார்த்தவர்கள் ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்கக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஆனால் அதே குர்ஆன், தான் இறக்கப்பட்டதே மக்கள் தன் வசனங்களைச் சிந்தித்துப் பார்ப்பதற்காக என்றும் சொல்கிறது (38:29). நாற்பது வருடம் தொழுதும் தான் தினமும் கேட்பது என்னவென்று தெரியாமல் இருப்பது பெருமைப்படுகிற விஷயம் இல்லை. முழுக் குர்ஆனுக்கும் பொருள் தெரிந்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஃபாத்திஹாவுக்கும் வழக்கமாக ஓதும் பத்துச் சின்ன சூராக்களுக்கும் பொருள் தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். அதற்குப் பிறகு தொழுகையே வேறு மாதிரி ஆகிவிடும். ‘நேரான வழியைக் காட்டு’ என்று கேட்கிறோம் என்பது தெரிந்தபின், ஒரு தப்பான காரியத்துக்குக் கிளம்பும் முன் தொழ நின்றால் அந்த இடத்தில் குரல் கொஞ்சம் தடுமாறும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓத வேண்டும்?

இவ்வளவு என்று கட்டாயம் எதுவும் இல்லை. முடிந்ததை ஓதுங்கள் என்று குர்ஆனே சொல்கிறது (73:20). அதே வசனத்தில் நோயாளிகள், பிழைப்புக்காகப் பயணம் போகிறவர்கள் என்று காரணத்தையும் சொல்லிவிடுகிறது.

கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு: மொத்தம் 114 சூராக்கள், 30 ஜுஸ்உகள் (பாகங்கள்). இப்போது பரவலாகப் புழங்கும் மதீனா முஸ்ஹஃபில் (மதீனா அச்சுப் பிரதியில்) 604 பக்கம், ஒரு ஜுஸ்உ ஏறக்குறைய 20 பக்கம். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் 4 பக்கம் ஓதினால் ஒரு நாளில் ஒரு ஜுஸ்உ, ஒரு மாதத்தில் முழுக் குர்ஆன். ரமளானில் பலர் பிடிக்கும் வழி இது. மற்ற மாதங்களில் ஒரு பக்கம் போதும், பொருளோடு ஓதினால் அரைப் பக்கமே போதும். கொஞ்சமானாலும் தொடர்ந்து செய்வதே அல்லாஹ்வுக்குப் பிரியமானது என்ற ஹதீஸைச் சும்மா ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. முதல் வாரம் மூன்று ஜுஸ்உ ஓதிவிட்டு அப்புறம் ஆறு மாதம் தொடாமல் இருப்பதுதான் நிறையப் பேருடைய கதை. வேகத்துக்கும் அளவு உண்டு: முழுக் குர்ஆனையும் மூன்று நாளைக்குள் முடிப்பவர் அதை விளங்கிக்கொள்ள மாட்டார் என்று ஹதீஸ் சொல்கிறது.

ஒளு இல்லாமல் தொடலாமா? போனில் ஓதலாமா?

முஸ்ஹஃபை, அதாவது அச்சடித்த அரபு மூலத்தைத் தொட ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாவது) வேண்டும் என்பது நான்கு மத்ஹபுகளின் நிலை. மனப்பாடமாக ஓத ஒளு தேவையில்லை. போன் திரை முஸ்ஹஃப் ஆகாது என்றுதான் இந்தக் கால அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள், அதனால் பேருந்தில் நின்றுகொண்டே ஓதலாம். போனில் ஒரே சிக்கல், ஓதிக்கொண்டிருக்கும்போது மேலே எட்டிப் பார்க்கும் அறிவிப்புகள். அதற்கு ஃபத்வா வேண்டாம், அணைத்துவிட்டால் போதும்.

மாதவிடாய் நாட்களில் பெண்கள் ஓதலாமா?

ஹனஃபி, ஷாஃபி, ஹன்பலி மத்ஹபுகளில் கூடாது என்பதே பெரும்பான்மைக் கருத்து. மாலிக்கி மத்ஹபில் ஓதலாம். குர்ஆன் கேட்பது, துஆ (பிரார்த்தனை), திக்ரு (இறைநினைவு) ஆகியவற்றுக்கு எந்த மத்ஹபிலும் தடை இல்லை. மாதத்தில் ஒரு வாரம் குர்ஆனிலிருந்து ‘விலக்கி வைக்கப்பட்ட’ மாதிரி உணர்கிற பெண்களிடம் இந்த இரண்டாவது பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதுதான் குறை. சந்தேகம் இருந்தால் உங்கள் மத்ஹபைத் தெரிந்த ஒரு ஆலிமாவிடம் (பெண் மார்க்க அறிஞரிடம்) கேட்டுவிடுங்கள்.

சமைக்கும்போது, வேலை செய்யும்போது ஓதலை ஓடவிட்டுக் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் குர்ஆன் ஓதப்படும்போது காதுகொடுத்து, பேசாமல் கேளுங்கள் என்று வசனம் இருக்கிறது (7:204). ஒரு பக்கம் காரி (ஓதுபவர்) ஓதிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் நாம் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தால் அது நன்றாக இல்லை. அந்த மாதிரி நேரத்தில் நிறுத்திவிடுவதுதான் மரியாதை.

கேட்பது இரண்டாம் தரமான விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர் இப்னு மஸ்ஊதிடம் தமக்கு ஓதிக் காட்டச் சொன்னார்கள். உங்களுக்கே இறக்கப்பட்டதை உங்களுக்கே நான் ஓதிக் காட்டுவதா என்று அவர் தயங்க, பிறர் ஓதிக் கேட்பது எனக்குப் பிடிக்கும் என்றார்கள். அவர் நிஸா (4-ஆவது) சூராவை ஓதி 41-ஆவது வசனத்துக்கு வந்தார். ஒவ்வொரு சமுதாயத்திலிருந்தும் ஒரு சாட்சியைக் கொண்டுவந்து, உம்மை இவர்கள் மீது சாட்சியாக நிறுத்தும்போது என்ன ஆகும் என்று கேட்கும் வசனம் அது. போதும் என்றார்கள். நிமிர்ந்து பார்த்தால் அவர்களுடைய கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. புகாரியில் இருக்கிறது.

குர்ஆன் ஒரு சட்டப் புத்தகமா? காலையிலிருந்து இரவு வரைக்கும் எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறதா?

இல்லை. எண்ணும் முறைக்கேற்பக் கொஞ்சம் மாறினாலும், வழக்கமான கணக்கில் 6236 வசனங்கள். அதில் சட்டம் பேசுபவை சுமார் 500 என்பது பழைய அறிஞர்களிடையே பிரபலமான கணக்கு. மற்றதெல்லாம் படைப்பு, மறுமை, நபிமார்களின் வரலாறு, எச்சரிக்கை, ஆறுதல். தொழச் சொல்கிறது, ஆனால் எந்த வேளைக்கு எத்தனை ரக்அத் என்று குர்ஆனில் இருக்காது, அது நபியின் நடைமுறையிலிருந்து வந்தது. ஜகாத் (கட்டாய தர்மம்) கொடுக்கச் சொல்கிறது, யாருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று எட்டு வகையினரைச் சொல்கிறது (9:60), ஆனால் இரண்டரை சதவீதம் என்ற அளவு ஹதீஸிலிருந்து வருகிறது. ‘குர்ஆனில் இருக்கிறதா, வசனத்தைக் காட்டு’ என்று எல்லாவற்றுக்கும் சண்டைக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், பெரிய விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகும் அதே வேதம் கதவு தட்டுவதற்கும் கடன் பத்திரத்துக்கும் மெனக்கெட்டு நேரம் எடுத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால் ஒருவருடைய வாழ்க்கையில் குர்ஆன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடங்கள் அவைதான். அலமாரியின் உச்சியில் பட்டுத் துணி சுற்றி வைத்திருக்கிறார்களா என்பது அல்ல. அடுத்த சில கேள்விகளில் அந்த இடங்களைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கதவு தட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது?

உங்களுடையது அல்லாத வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் நுழையாதீர்கள் என்று 24:27. அடுத்த வசனம்தான் சுவாரஸ்யமானது: ‘திரும்பிப் போங்கள்’ என்று உள்ளேயிருந்து சொன்னால் திரும்பிப் போய்விடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது. யோசித்துப் பாருங்கள், வாசல்வரை வந்தவரைத் திருப்பி அனுப்புவது நம்மில் எவ்வளவு பெரிய அவமானம்! வருஷக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுவார்கள். குர்ஆனோ வீட்டுக்காரருக்கு ‘இப்போது முடியாது’ என்று சொல்ல உரிமை கொடுத்துவிட்டு, வந்தவரிடம் மனசில் வைத்துக்கொள்ளாதே என்கிறது. மூன்று தடவை அனுமதி கேட்டும் பதில் இல்லையென்றால் போய்விட வேண்டும் என்பதும், கதவுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதும் ஹதீஸில் வருபவை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதற்கும், எடுக்கவில்லை என்றால் ஏழெட்டுத் தடவை விடாமல் போன் அடிப்பதற்கும் இதையே பொருத்திப் பார்க்கலாம். தப்பில்லை.

வீட்டுக்கு உள்ளேயும் உண்டு. சுபுஹுக்கு முன், நண்பகலில் உடை தளர்த்தி ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் பருவமடையாத சொந்தப் பிள்ளைகள்கூடப் பெற்றோரின் அறைக்கு அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும் (24:58). தட்டிவிட்டு வா என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது ஏதோ புதுக்கால நாகரிகம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கணவன், மனைவி, பெற்றோர் விஷயத்தில்?

பெற்றோர் பற்றிய வசனம் பலருக்கும் தெரியும். முதுமையில் அவர்களைப் பார்த்து ‘ச்சீ’ என்றுகூடச் சொல்லாதே, விரட்டாதே, கண்ணியமாகப் பேசு (17:23). அதை அறிவது சுலபம், ஒரே கேள்வியை அப்பா ஏழாவது தடவையாகக் கேட்கும்போது கடைப்பிடிப்பது கடினம். பல் கடித்துக்கொண்டு விடுகிற அந்தப் பெருமூச்சைக்கூடக் கணக்கில் எடுக்கிற வசனம் அது.

அதிகம் பேசப்படாத ஒன்று 2:233. முழுமையாகப் பாலூட்ட விரும்பினால் இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டு, அதற்கு முன்பே பால் மறக்கடிக்க நினைத்தால் தாயும் தகப்பனும் கலந்து பேசி, இருவரும் மனமொப்பிச் செய்தால் குற்றமில்லை என்கிறது. குழந்தைக்குப் பால் நிறுத்துவது வரைக்கும் கலந்து பேசச் சொல்கிற வேதத்தை வைத்துக்கொண்டு, வீடு விற்பதைக்கூட மனைவியிடம் சொல்லாமல் முடிக்கிற ஆண்கள் இருக்கிறார்கள். சரி, அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

பணம், கடன், வியாபாரம்?

குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. கடனை எழுதி வைப்பது பற்றி. 2:282. மதீனா முஸ்ஹஃபில் அந்த ஒரே வசனம் ஒரு முழுப் பக்கத்தை நிரப்பிக்கொண்டு நிற்கும், 15 வரிகளுக்கும் ஒரே வசன எண்.

தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்தவர் நியாயமாக எழுதட்டும், எழுத மாட்டேன் என்று மறுக்க வேண்டாம். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்குகிறவர். கொடுக்கிறவர் இல்லை, அதைக் கவனியுங்கள்: பணம் கையில் இருப்பவர் தன் இஷ்டத்துக்கு நிபந்தனை எழுதி நீட்ட, வேறு வழியில்லாதவர் கையெழுத்துப் போடுவது அல்ல இங்கே முறை. தான் எவ்வளவு தர வேண்டும் என்பதைத் தர வேண்டியவரே தன் வாயால் சொல்கிறார். அவரால் சொல்ல முடியாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்லலாம். சாட்சிகள் வேண்டும். சின்னத் தொகையோ பெரிய தொகையோ, எழுதச் சலித்துக்கொள்ளாதீர்கள். கைக்குக் கை மாறும் வியாபாரமானால் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எழுதியவருக்கும் சாட்சிக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது. இவ்வளவும் ஒரே வசனத்தில்.

இப்போது நம் நடப்பைப் பாருங்கள். ‘நமக்குள்ளே என்ன பத்திரம், நம்பிக்கை இல்லையா?’ என்றுதான் பேச்சே தொடங்கும். எழுதிக் கேட்டால் கோபம், எழுதாவிட்டால் மூன்று வருடம் கழித்து வழக்கு. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன வீடுகளில் பாதி இப்படித்தான். அடுத்த முறை யாராவது சங்கடப்பட்டால், எழுதி வைப்பது சந்தேகத்தால் இல்லை, அல்லாஹ்வின் கட்டளைக்காக என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறாமல் காரியம் முடியும். இதற்கு இரண்டு வசனம் முன்னால், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடு, விட்டுக்கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது என்று இருக்கிறது (2:280). எழுதுவதும் விட்டுக்கொடுப்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

வட்டிக்குத் தடை அதே இடத்தில்தான் வருகிறது (2:275 முதல் 279 வரை). எடையில் மோசடிக்கு ஒரு சூராவே இருக்கிறது, 83-ஆவது: தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைக்கிறவர்களுக்குக் கேடு என்றுதான் அது தொடங்கும். தராசு வைத்திருப்பவருக்கு மட்டும் என்று இல்லை. எட்டு மணி நேரச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆறு மணி நேரம் வேலை பார்ப்பவருக்கும், எட்டு மணி நேர வேலை வாங்கிக்கொண்டு ஆறு மணி நேரத்துக்குக் கூலி கொடுப்பவருக்கும் அது பொருந்தும்.

சொத்து பிரிப்பதில் பெண்களுக்கு அநீதி என்கிறார்களே?

மகனுக்கு மகளைப்போல இரண்டு பங்கு (4:11). குடும்பச் செலவு முழுவதும் ஆணின் பொறுப்பு, பெண்ணின் பணம் அவளுக்கே சொந்தம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அந்த வாதத்தை இங்கே தீர்த்துவிட முடியாது.

நடைமுறையில் நான் கோபப்படுவது வேறு ஒன்றுக்காக. விட்டுச் சென்றது குறைவோ நிறைவோ பெண்களுக்கு அதில் பங்கு உண்டு, அது நிர்ணயிக்கப்பட்டது என்று 4:7 தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பங்கையே கொடுக்காமல், ‘கல்யாணத்துக்குச் செய்தாகிவிட்டது’ என்று சகோதரியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறவர்கள் முன்வரிசையில் நின்று தொழுதுகொண்டிருக்கிறார்கள். பங்கு பிரிக்கும் முன் இறந்தவரின் கடனையும் மரண சாசனத்தையும் தீர்க்க வேண்டும் என்பதும் 4:11-இல் இருக்கிறது. இன்னொன்று: பிரிக்கும் இடத்தில் பங்கில்லாத உறவினர்களோ அநாதைகளோ ஏழைகளோ வந்து நின்றால் அவர்களுக்கும் ஏதாவது கொடுங்கள், நல்ல வார்த்தை பேசுங்கள் (4:8).

வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் அனுப்புவதற்கும் வசனம் இருக்கிறதா?

இருக்கிறது. தீயவன் ஒருவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் விசாரித்துப் பாருங்கள், இல்லையென்றால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டு அப்புறம் வருந்துவீர்கள் (49:6). அந்த சூரா மொத்தமே 18 வசனம். நபியின் முன்னால் குரலை உயர்த்தாதீர்கள் என்று தொடங்கி, சண்டையிடும் இரு குழுக்களுக்கு நடுவே சமாதானம் செய்வது, கேலி, பட்டப்பெயர் வைப்பது, வீண் சந்தேகம், ஒளிந்து ஒட்டுக்கேட்பது, புறம் பேசுவது என்று வரிசையாகப் போகும். புறம் பேசுவதைச் செத்துப்போன சகோதரனின் இறைச்சியைத் தின்பதோடு வைத்துச் சொல்கிறது (49:12). பன்றி இறைச்சி கலந்திருக்குமோ என்று பிஸ்கட் பாக்கெட்டைப் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிற கவனத்தில் பாதியாவது இந்த இறைச்சி விஷயத்தில் நமக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்காட்டிச் சண்டைக்கு வருகிறார்களே, என்ன செய்வது?

முன்னும் பின்னும் ஓதச் சொல்லுங்கள். ‘தொழுகிறவர்களுக்குக் கேடுதான்’ என்பது குர்ஆனில் இருக்கும் வசனம்தான், 107:4. அங்கேயே நிறுத்தினால் தொழுவதே குற்றமாகிவிடும். அடுத்த வசனங்கள் தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்கள், பிறர் பார்க்கத் தொழுபவர்கள், அற்பப் பொருளைக்கூட இரவல் தர மறுப்பவர்கள் என்று யாரைச் சொல்கிறது என்பதை விளக்கிவிடும். போர் பற்றிய வசனங்களுக்கும் இதே வழிதான்: சுமார் 23 வருடங்களில், வெவ்வேறு சூழலில் இறங்கிய வேதம், எது எப்போது யாரைப் பற்றி என்று பார்க்காமல் துண்டு எடுத்தால் யார் எடுத்தாலும் தப்பாகத்தான் போகும். எதிரிகள் மட்டும் அல்ல, நம்மவர்களும் எடுக்கிறார்கள்.

குர்ஆனைத் திறந்து குறி பார்ப்பது, தாயத்து?

குறி பார்க்க அது இறங்கவில்லை. அம்பு எறிந்து குறி கேட்பதை 5:90 மதுவோடும் சூதாட்டத்தோடும் சேர்த்துத் தடுக்கிறது. வசனம் எழுதிய தாயத்து விஷயத்தில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் கட்டுவதில்லை. கழுத்தில் தொங்குவதைவிட நாவில் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

பிள்ளைகளை ஹாஃபிழ் (முழுக் குர்ஆனையும் மனனம் செய்தவர்) ஆக்க வேண்டுமா?

ஆசைப்படலாம், அடித்து ஆக்கக் கூடாது.

மனனம் செய்வது எப்படி நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தினமும் புதுப் பாடம் ஒரு பக்கமோ அரைப் பக்கமோ. அதோடு சமீபத்தில் முடித்த பக்கங்களைத் திருப்பி ஒப்பிக்க வேண்டும், ரொம்ப முன்னால் முடித்த ஜுஸ்உ ஒன்றையும் ஒப்பிக்க வேண்டும். புதியதைவிடப் பழையதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஒரே மாதிரி வரும் வசனங்கள் வேறு காலை வாரிவிடும். வறுமையால் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று 6:151-இல் வரும்போது ‘உங்களுக்கும் அவர்களுக்கும்’ உணவளிக்கிறோம் என்று இருக்கும், 17:31-இல் ‘அவர்களுக்கும் உங்களுக்கும்’ என்று இருக்கும். கண்ணை மூடி ஓதிக்கொண்டே வரும் பையன் இங்கே ஒரு நொடி அசந்தால் ஒரு சூராவிலிருந்து இன்னொரு சூராவுக்குத் தாவிவிடுவான், உஸ்தாது (ஆசிரியர்) விரலால் மேசையைத் தட்டுவார், திரும்ப நாலு வசனம் பின்னால் போய்த் தொடங்குவான். ரமளான் இரவுகளின் தராவீஹ் தொழுகையில் இமாம் தவறினால் பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுப்பதும் இப்படியான இடங்களில்தான் அதிகம்.

விருப்பமுள்ள பிள்ளைக்கு இது வாழ்நாள் சொத்து. விருப்பமில்லாத பிள்ளையைப் பெற்றோரின் பெருமைக்காக உட்காரவைத்தால், பதினெட்டு வயதில் அவன் குர்ஆனைவிட்டே தூரமாகப் போய்விடுவான். ஐந்தாறு சூராக்களைப் பொருளோடு, பிரியத்தோடு கற்ற பிள்ளை அதைவிட நல்ல நிலையில் இருக்கிறது.

தினமும் ஓதுகிறவர்கள் எல்லாம் நல்லவர்களாக இருக்கிறார்களா?

இல்லை. வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டியதுதான். இனிமையாக ஓதுகிற ஏமாற்றுக்காரர்களும் உண்டு, சரியாக ஓதத் தெரியாத உத்தமர்களும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் குணம் எப்படி இருந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, அவர்களுடைய குணம் குர்ஆனாகவே இருந்தது என்றார்கள். அளவுகோல் அது. அந்த அளவுகோலில் நாம் எல்லோரும் குறைவுதான், குறைவின் அளவில்தான் வித்தியாசம்.

ஆனால் ஒன்று. ஓதுகிறவருக்குத் தன் தப்பு தெரியாமல் இருக்க வழியில்லை, பொருளோடு ஓதினால். காலையில் 83-ஆவது சூராவை ஓதிவிட்டு மதியம் எடை குறைக்கிற வியாபாரி குறைக்கத்தான் செய்வார், ஆனால் நிம்மதியாகக் குறைக்க முடியாது. அந்த நிம்மதிக் கேடு சில பேரை எட்டு வருடம் கழித்துக்கூடத் திருத்தியிருக்கிறது.

ரொம்ப நாளாக விட்டுவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?

பகரா (2-ஆவது) சூராவை முதல் நாளே எடுக்காதீர்கள், 286 வசனம், பாதியில் நின்றுபோகும். கடைசி ஜுஸ்உவின் சின்ன சூராக்களில் தொடங்கி, தொழுகையில் ஓதுபவற்றுக்குப் பொருள் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹுஜுராத் (49). அதற்கு அடுத்து லுக்மான் (31), ஒரு தகப்பன் மகனுக்குச் சொல்லும் புத்திமதி அதில் இருக்கிறது. கதை பிடிக்கும் என்றால் யூசுஃப் (12), முழு சூராவும் கிட்டத்தட்ட ஒரே வரலாறாகப் போகும், தூக்கம் வராது. ஓதல் மறந்துபோயிருந்தால் வெட்கப்படாமல் ஒரு உஸ்தாதிடம் போய் எழுத்திலிருந்து திருத்திக்கொள்ளுங்கள், போனில் கேட்டுக் கற்பதில் நாக்கு செய்யும் தவறை எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. நேரம், சுபுஹுக்குப் பிறகு பத்து நிமிடம். அந்த நேரத்தில் எழவே முடியவில்லை என்றால் எப்போது முடியுமோ அப்போது.